உங்கள் அத்தையைத் துரத்தியதில் எனக்கு விழுந்த அபராதம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா மிகுந்த மரியாதையோடும் அதைவிட மிகுந்த மன வேதனையோடும் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகள் பாப்பாவும் புது ஊரில் புது வேலையில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன், ஏனென்றால் நிதானமாக விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. இங்கே நான் நலம். பயிற்சி வண்டிக்கு கிளட்ச் மாற்றியிருப்பதால் அதுவும் நலம். உங்கள் அத்தையும் நலம்தான். அவள் அளவுக்கு மீறி நலமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். மாப்பிள்ளை என்கிற மரியாதைக்கு ஒரு குறைவும் வராமல் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டைக் காலி செய்து போகும்போது "மாமா, லாரியில போனா உடைஞ்சிடும், கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்" என்று சிரித்த முகமாகச் சொல்லி எங்கள் ஹாலில் வைத்துவிட்டுப் போனீர்களே, அந்த வீடியோ கேம் பெட்டியை இந்தக் கடிதம் கண்டதும் வந்து எடுத்துக்கொண்டு போய்விடவும். லாரியில் போயிருந்தால் பெட்டி மட்டும்தான் உடைந்திருக்கும்.

நான் அதைத் தொட நினைத்தவனே அல்ல. தூசி படிகிறதே, மாப்பிள்ளை பொருளாயிற்றே, ஓடுகிறதா என்று பார்த்து வைப்போம் என்கிற பொறுப்புணர்ச்சியில், பாப்பாவை போனில் கூப்பிட்டு எந்த ஒயரை எந்த ஓட்டையில் செருகுவது என்று கேட்டு டி.வி.யோடு இணைத்தேன். உள்ளே இருந்தது ஒரே ஒரு கேம்தான், போலீஸ் துரத்துகிற கார் பந்தயம். கார் என்றதும் நமக்குத் தெரியாத காரா என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை இது. முதலில் சீட்டைச் சரி செய்யலாம் என்று தேடினேன், வசதி இல்லை. பக்கக் கண்ணாடியைத் திருப்ப வழி இல்லை. சீட் பெல்ட் என்கிற பேச்சே இல்லை. இண்டிகேட்டரைத் தேடி ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றை அழுத்தினால் ஹாரன் அடிக்கிறது, இன்னொன்றை அழுத்தினால் வண்டியின் பின்னால் குப்பென்று நெருப்பு வருகிறது. நம் பயிற்சி வண்டியில் அப்படி நெருப்பு வந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம், இங்கே அதற்குப் பாயிண்ட் தருகிறார்கள். சரி, கிடைத்ததை வைத்து ஓட்டுவோம் என்று வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, மெதுவாகச் சாலையில் ஏறி, சிவப்பு விளக்கில் நிறுத்தினேன். பின்னால் சைரன் கேட்டது. அவசர வண்டிக்கு வழிவிட வேண்டியது நம் கடமையல்லவா, ஓரம் கட்டினேன். அந்தப் போலீஸ் வண்டி நேராக வந்து என் வண்டியின் பின்புறத்தில் மோதியது. இன்னொன்று முன்னால் வந்து குறுக்கே நின்றது. என்னைக் கைது செய்துவிட்டதாகத் திரையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

மாப்பிள்ளை, ஒரு ஹாரன் தவறாக அடித்ததாகக்கூட என் மேல் இதுவரை புகார் இல்லை. நான் செய்த குற்றம் என்ன என்று கேட்பதற்கு அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. இன்னும் ஜாக்கிரதையாக ஓட்டினேன், இன்னும் சீக்கிரமாகக் கைது செய்தார்கள். எந்த அளவுக்கு ஒழுங்காக ஓட்டுகிறேனோ அந்த அளவுக்குக் கோபமாக வந்து மோதுகிறார்கள். இப்படி நான் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான் உங்கள் அத்தை ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் குத்திவைத்துவிட்டு எழுந்து வந்தாள். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு, "தள்ளி உக்காருங்க, நீங்க ஓட்டுறதப் பாத்தா போலீசுக்கே கொட்டாவி வரும்" என்று சொல்லி ரிமோட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் சம்சாரம் என்று பெயர்தானே தவிர, கார் கதவைச் சாத்துவதைத் தவிர வேறு எதற்கும் அவள் காரைத் தொட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் ஆட்டத்தில் ஒரு விளம்பரப் பலகை, ஒரு பஸ் நிறுத்தம், ஒரு பழக்கடை எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் என்னையறியாமல் வலது காலால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தேன். பயிற்சி வண்டியில் என் பக்கம் ஒரு தனி பிரேக் உண்டல்லவா, தொழில் பழக்கம், கால் தானாகப் போகிறது. சோபாவுக்கு முன்னால் விரித்திருந்த பாயில் என் குதிகால் படுகிற இடம் இப்போது ஓட்டை. "அந்தக் கால எடுங்க, சத்தம் கேக்குது" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குக் கை வந்துவிட்டது. சாலையில் குறுக்கே போலீஸ்காரர்கள் டயரைப் பஞ்சராக்க ஆணிப் பட்டை விரிக்கிறார்கள், அதைத் துணியில் மடிப்பு எடுக்கிற மாதிரி சட்டென்று ஒதுக்கிக்கொண்டு போகிறாள். வண்டி அடிபட்டு நசுங்கிப்போனால் ஒரு பெட்ரோல் பங்குக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வருகிறாள். வெளியே வரும்போது வண்டி பெயிண்ட் அடித்துப் புத்தம் புதிதாக இருக்கிறது. அப்படி ஒரு பங்க் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நம் பயிற்சி வண்டியை நாளைக்கே அனுப்புவேன். தைக்கக் கொடுத்த துணியை வாங்க வாடிக்கைக்காரர்கள் வந்து நின்றால், "இந்த ஹெலிகாப்டர் போகட்டும், வரேன்" என்கிறாள். அவர்களும் நின்று பார்க்கிறார்கள். கீழ்வீட்டு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் எங்கள் வீட்டு சைரன் கேட்கிறபோதெல்லாம் சாப்பிட்ட கையோடு ஓடிவந்து, கண்ட இடத்தில் நிறுத்தியிருக்கிற தன் ஸ்கூட்டரை உள்ளே தள்ளுகிறார். அது ஒன்றுதான் இந்தப் பெட்டியால் நடந்த நன்மை.

இதோடு போயிருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். நம் ஸ்கூலின் வகுப்பு, வீட்டு முன்னறையில் நடக்கிறது என்பது நீங்கள் அறிந்ததே. நான் இங்கே கரும்பலகையில் ரவுண்டானா வரைந்து யாருக்கு முதலில் வழி என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன், உள்ளே உங்கள் அத்தை ரவுண்டானாவுக்கு நடுவில் இருக்கிற நீரூற்றின் மேலேயே வண்டியை ஏற்றிப் போய்க்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் என்றால் அதட்டலாம், நம்மிடம் படிப்பவர்கள் எல்லாம் பெரிய மனிதர்கள். அவர்களில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், மகா பயந்த மனிதர். அடுத்தவர் கடைவாயில் கருவியை விட்டுத் திருகும்போது வராத நடுக்கம் இரண்டாவது கியர் போடும்போது வந்துவிடும். அவர் ஒருநாள் கையைத் தூக்கி, பின்னால் வருகிற வண்டியை வளைவில் உரசித் தள்ளுவதற்கு மேடம் எந்தப் பொத்தானை அழுத்துகிறார்கள் என்று கேட்டார். அன்றைக்கே நான் ரிமோட்டைக் கொண்டுபோய்ப் பயிற்சி வண்டியின் டேஷ்போர்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். உங்கள் அத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குணம்தான் பாப்பாவுக்கும் வந்திருக்கிறது, உங்களுக்கும் அனுபவம் இருக்கும்.

மறுநாள் காலையில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, சாலையைக் கடந்து, நேர் எதிரே இருக்கிற டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். எதிர்க்கடைக்காரர் யாரென்று தெரியுமா? என்னிடம் வண்டி கற்றுக்கொண்டவர்தான். எதற்கெடுத்தாலும் ஹாரன் அடிக்கிறவர் என்பதால் ஹாரன்காரர் என்று நான் வைத்த பெயரே இன்று தெருவில் நிலைத்துவிட்டது. நம் வீட்டு வாசலுக்கு நேராக அவருடைய வண்டி வந்து நிற்கும், உங்கள் அத்தை ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவாள். சொந்த சம்சாரமே எதிர்க்கடைக்குப் போகிறாள் என்றால் இந்தக் கடையில் என்ன கோளாறோ என்று ஊர் நினைக்காதா? நம்மிடம் விசாரிக்க வந்த இரண்டு பேர் வாசலில் நின்று அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அப்படியே சாலையைக் கடந்து போனார்கள். டிரைவிங் டெஸ்ட்டும் கிட்டத்தில் வந்துவிட்டது. அவள் அந்த ஆள் வண்டியில் போய் லைசென்ஸ் வாங்கிவிட்டால் என் பெயர்ப்பலகையை நானே கழற்றிவிட வேண்டியதுதான். டெஸ்ட்டுக்கு முன்னால் அவளை எப்படியாவது என் வண்டிக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், இதுதான் என் கவலை எல்லாம்.

இப்போது தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலையில் பல் டாக்டரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, ரவுண்டானாவுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, அதை எப்படிச் சுற்றுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே ஹாரன்காரர் வண்டி வந்தது. உங்கள் அத்தை கழுத்தை நீட்டவில்லை, ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்தாள், வலது பக்கம் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், நான் பலகையில் வரைகிற கோட்டின் மேலேயே சக்கரம் போவதுபோல் சுற்றிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஹாரன்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைத் தாண்டும்போது என்னைப் பார்த்து லைட்டை ஒருமுறை அடித்துக் காட்டினாள், மாப்பிள்ளை. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "டாக்டர், அந்த வண்டி பின்னாடி போங்க" என்றேன். எதற்கு சார் என்றார். பாடம் என்றேன்.

டாக்டர் மூன்றாவது கியரை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். போட்டுவிட்டேன் சார், போட்டுவிட்டேன் சார் என்று அழுகிற குரலில் சொல்லிக்கொண்டே போனார். மார்க்கெட்டைத் தாண்டினாள், தாண்டினோம். பள்ளிக்கூடச் சந்தில் திரும்பினாள், திரும்பினோம். அவள் போன வேகம் ஒரு சைக்கிளுக்குச் சமம், நாங்கள் போன வேகமும் அதுதான், ஆனால் என் நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பார்த்தால் விமானம் ஓட்டியவன் மாதிரி இருந்தது. கண்ணாடியில் எங்களைப் பார்த்திருக்க வேண்டும். முறைப்படி இண்டிகேட்டர் போட்டு ஒரு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்தாள். நாங்களும் நுழைந்தோம். அங்கே இருந்த ஊழியர் பெட்ரோல் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வண்டிக்கு முன்னால் வந்து நின்று எவ்வளவு போட வேண்டும் என்று விசாரிக்க, அவரிடம் ஒன்றும் வேண்டாம் என்று விளக்கிவிட்டுப் பார்த்தால் உங்கள் அத்தை அடுத்த வாசல் வழியாக வெளியே போய்விட்டிருந்தாள். பெயிண்ட் மாறவில்லை, அது ஒன்றுதான் குறை. ஆஸ்பத்திரி சிக்னலில் அவள் பச்சையில் கடந்தாள். நாங்கள் வரும்போது மஞ்சள், வந்து சேரும்போது சிவப்பு. டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். "போங்க" என்றேன்.

என் வாயால் ஒரு மாணவரிடம் சிவப்பு விளக்கில் போங்க என்று சொன்னேன், மாப்பிள்ளை. என் வலது கால் பிரேக் பக்கமே போகவில்லை. ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், அந்தச் சிக்னலைத் தாண்டின கொஞ்ச நேரம் ரொம்ப நன்றாக இருந்தது. தலையில் மிச்சமிருக்கிற நாலு முடியும் எழுந்து நின்றது. அதற்குள் விசில் சத்தம் கேட்டது. டிராபிக் போலீஸ் அம்மா ஒருவர் நிதானமாக நடந்துவந்தார். முதலில் எங்கள் வண்டியைப் பார்த்தார், பிறகு வண்டி மேல் இருக்கிற 'பொறுமையே பாதுகாப்பு' என்கிற பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பல் டாக்டர், தான் ஒரு பல் டாக்டர் என்றும் தனக்கு எதுவும் தெரியாது என்றும் யாரும் கேட்காமலேயே வாக்குமூலம் கொடுத்தார்.

"யாரைத் துரத்திட்டுப் போறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா.

"என் சம்சாரத்தை."

"அவங்க என்ன பண்ணாங்க?"

"சரியா ஓட்டினாங்க."

அந்த அம்மா அபராதம் போட்டார். வாழ்நாளில் முதல் அபராதம், அதுவும் என் சொந்தப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு கட்டினேன். இறங்கும்போது பல் டாக்டர் முகம் பளிச்சென்று இருந்தது. நாளைக்கும் துரத்துவோமா சார் என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அத்தை ஒன்றுமே நடக்காத மாதிரி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற நான் இங்கே குத்துக்கல் மாதிரி இருக்கும்போது அந்த ஹாரன்காரரிடம் அப்படி என்ன கண்டுவிட்டாய் என்று கேட்டேன். நானே மறந்துபோன ஒரு நாளில் தன்னை மைதானத்துக்கு அழைத்துப்போய் நான் சொல்லிக்கொடுத்த லட்சணத்தை நினைவுபடுத்தினாள்: சாவியைத் திருகுவதற்கு முன்னாலேயே நான் என் பக்கத்து பிரேக்கை அழுத்திவிட்டேனாம், வண்டி அன்று முழுக்க நகரவே இல்லையாம். ஹாரன்காரர் காலை மடக்கிக்கொண்டு பேப்பர் படிக்கிறாராம், அதுதான் அவருடைய பாடமாம். சரி, அது போகட்டும், அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, நிஜத்தில் இவ்வளவு ஒழுங்காக ஓட்டுகிறவள் அதில் ஏன் அந்த ஆட்டம் ஆடுகிறாய் என்றேன். மிஷினை நிறுத்தினாள்.

"இந்த வீட்டுல எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுறீங்க. கண்ணாடி எங்க, சாவி எங்க, அந்தச் சட்டை எங்க. என்னைத் தேடி யாரும் வர்றதில்ல, பொருளத் தேடித்தான் வர்றீங்க. அதுல பாருங்க, ஊர்ல இருக்கிற மொத்தப் போலீசும் வேற வேலைய விட்டுட்டு என்னைத் தேடுது. எனக்காக ஒரு ஹெலிகாப்டர் வருதுங்க. நான் எங்க போனேன்னு ரேடியோவுல பேசிக்கிறாங்க."

கடிதம் எழுதலாம் என்று எழுந்தேன், கண்ணாடி எங்கே என்று கேட்க வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, நானே தேடி எடுத்து வந்து இதை எழுதுகிறேன்.

ஆகவே மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் மூல காரணம் அந்தப் பெட்டிதான் என்பது உங்களுக்கே விளங்கியிருக்கும். ஒரு கௌரவமான குடும்பத்தில் மனைவியானவள் தன்னைப் போலீஸ் தேட வேண்டும் என்று ஆசைப்படலாமா? நீங்கள் அடுத்த வார விடுமுறையில் தவறாமல் வந்து பெட்டியை எடுத்துப் போகவும். பாப்பாவிடம் சொல்லி, அவள் அம்மாவுக்குப் பக்குவமாகப் புத்தி சொல்லி, டெஸ்ட்டுக்கு என் வண்டியிலேயே போகும்படி செய்யவும். அந்தப் பெட்டி இருக்கிற திசையைக்கூட இனி நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. நீங்கள் இருவரும் எல்லா நலமும் பெற்று, சீட் பெல்ட் போட்டு, நிதான வேகத்தில் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். இந்த அபராத விஷயத்தைச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் அத்தை வந்து, யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். தொழில் விஷயம் என்றேன். நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "எழுதி முடிச்சாச்சுன்னா வாங்க, தனியா ஓடி ஓடி அலுத்துப்போச்சு" என்றாள். பெட்டியோடு நீங்கள் இன்னொரு ரிமோட்டும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்பதும், நான் ஒன்றைப் பூட்டி வைத்த நாள் முதலாக அவள் மற்றதில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவைத்து ஆடிக்கொண்டிருந்தாள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். போய் டேஷ்போர்டைத் திறந்து என்னுடையதை எடுத்து வந்தேன். திரையை இரண்டாகப் பிரித்தால் ஒருவர் ஓடலாம், ஒருவர் போலீஸ் வண்டி ஓட்டலாமாம். எனக்குப் போலீஸ் வண்டி. சைரன் போட்டுக்கொண்டு போனேன், யாரும் ஓரம் கட்டவில்லை, நானும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவள் எங்கேயோ போய்விட்டாள். பாலம், துறைமுகம், சுரங்கப்பாதை எல்லாம் தேடினேன். ஆளைக் காணோம். கடைசியில் ஒரு நாற்சந்தியில் பார்த்தால், சிவப்பு விளக்கு, மொத்த ஊரும் காலியாக இருக்கிறது, அவள் வண்டி மட்டும் கோட்டுக்கு முன்னால் சமர்த்தாக நிற்கிறது. அந்த விளையாட்டில் யாரும் சிக்னலுக்கு நிற்க வேண்டியதில்லை, மாப்பிள்ளை. நான் வருவதற்காக நின்றிருக்கிறாள். முட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டேன். சிவப்பு விளக்கு மாறவில்லை. பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள், அடுத்த நொடி வண்டியின் பின்னால் நெருப்பு வந்தது, போயே போய்விட்டாள்.

டெஸ்ட்டுக்கு அவள் ஹாரன்காரர் வண்டியிலேயே போகட்டும். பாப்பா யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம். பெட்டியை எடுக்க நீங்கள் வர வேண்டாம். சும்மா வருவதானால் முன்கூட்டியே போன் செய்யவும், வாசல் மணி எங்களுக்குக் கேட்காது. இன்னும் என் கையில் அவள் சிக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.